பிலிப்பியரும் அம்மாவும் நானும்: தரங்கம்பாடி முதல் இடையன்குடி வரை

முதல் நாள், புதன். சென்னை – தரங்கம்பாடி

ஜனவரி முதல் தேதி அட்டவணை போட்டு, ஒரே வருஷத்தில் வேதாகமத்தை முடித்துவிடுவதாகக் கிளம்பி, லேவியராகமத்தில் போய் மாட்டிக்கொள்கிற கூட்டம் ஒன்று உண்டு. நான் அதில் மூத்த உறுப்பினர். இந்த வருஷமும் அப்படித்தான். மார்ச் முடிவதற்குள் 40 அதிகாரம் பாக்கி விழுந்துவிட்டது. அதை அடைக்க ஒருநாள் உட்கார்ந்து மடமடவென்று தள்ளினேன். கண் ஓடியது, மனதில் ஒரு வரி நிற்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த அம்மா, "இது வேதம் வாசிக்கிற மாதிரி இல்லலே, வட்டி கட்டுத மாதிரி இருக்கு" என்றாள்.

அம்மாவுக்கு 78 வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகிறாள். பொடி எழுத்து தெரியாது. அதனால் ராத்திரி குடும்ப ஜெபத்தில் நான் வாசிக்க, அவள் கேட்பாள். கேட்பது என்று பேர்தான். நான் ஒரு வார்த்தையை விழுங்கினாலும் அங்கேயே பிடித்துவிடுவாள். பாதி வேதாகமம் அவளுக்கு மனப்பாடம்.

அம்மா நாசரேத் பக்கத்துக்காரி. இடையன்குடிக் கோயிலை இன்னொரு தடவை பார்க்கணும் என்று நாலைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, போவதுதான் போகிறோம், தமிழ் வேதாகமம் வந்த வழியாகவே போவோம் என்று தோன்றியது. முதலில் அச்சேறிய தரங்கம்பாடியில் தொடங்கி, தஞ்சாவூர், பாளையங்கோட்டை, அப்புறம் இடையன்குடி. வழியில் வாசிக்க ஒரே ஒரு நிருபம், பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய பிலிப்பியர். 4 அதிகாரம், 104 வசனம். முதல் நாள் முழுவதையும் ஒரே மூச்சில், பிறகு நாளுக்கு ஓர் அதிகாரம்.

இன்னொரு காரணமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைக் கமிட்டியில் இரண்டு மாதமாக ஒரு தகராறு. ஒழுகுகிற கூரையா, புது சவுண்ட் சிஸ்டமா என்று ஆரம்பித்தது. கூட்டத்தில் நான் ஓர் அண்ணனைப் பார்த்து, "உங்களுக்குக் கணக்கும் தெரியாது, சொன்னாலும் புரியாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவரும் நானும் 20 வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். இப்போது அவர் தூணுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரு வாரமாவது அந்தத் தூணைப் பார்க்காமல் இருக்கலாம் என்றுதான் கிளம்பினேன்.

கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி வந்து சேர மாலை ஆகிவிட்டது. ராத்திரி லாட்ஜில் ஃபேன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி நிருபம் முழுவதையும் வாசித்தேன். முடித்ததும் அம்மா சொன்னாள்: "இது லெட்டர்லா! துண்டு துண்டா வாசிச்சு எனக்கு இது லெட்டருங்கிறதே மறந்துபோச்சு. பிலிப்பி சபைக்காரங்க எப்பாப்பிரோதீத்து கையில பணம் கொடுத்து விட்டிருக்காங்க. அதுக்கு நன்றி சொல்ல எழுதுதாரு. ஆனா நன்றியைக் கடைசி அதிகாரத்துலதான் சொல்லுதாரு பாத்தியா? பணம் வாங்குறதுல அவருக்கு ஒரு கூச்சம்."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பவுலுக்குக் கூச்சம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், வியாழன். தரங்கம்பாடி

காலையில் டேனிஷ் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டியது. மஞ்சள் பூசிய மதில், நேர் எதிரே கடல். அம்மாவை வெளியே நிழலில் உட்காரவைத்துவிட்டுக் கீழ்த்தளத்து இருட்டு அறைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவந்த மிஷனரி சீகன்பால்குவை 1708 கடைசியில் பிடித்து நாலு மாதம் இந்தக் கோட்டையில்தான் அடைத்துவைத்தார்கள். அடைத்தவர் வேற்று மதத்து அரசர் இல்லை, அவரை அனுப்பிய அதே டென்மார்க் ராஜாவின் கோட்டைத் தளபதி. மிஷன் என்றாலே டேனிஷ் வியாபாரக் கம்பெனிக்குத் தொல்லை என்று நினைத்த மனுஷர்.

1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்குவும் புளூச்சோவும் இங்கே கப்பலை விட்டு இறங்கினார்கள். ஜெர்மன்காரர்கள். சீகன்பால்குவுக்கு 23, 24 வயதுதான். பிள்ளைகளோடு திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதிப் படித்தவர், இரண்டு வருஷத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் ஆரம்பித்துவிட்டார். ஆரம்பித்த சில வாரங்களிலேயே சிறை.

இன்றைக்கு முதல் அதிகாரம். கோட்டைச் சுவர் ஓரமாகவே வாசித்தோம். "என் கட்டுகள்" என்று பவுல் திரும்பத் திரும்பச் சொல்கிற அதிகாரம். சின்ன வயதில் இதைக் கேட்டுவிட்டு, பவுலுக்குக் காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் இப்போதுதான் சொன்னேன். சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. அப்புறம், "விலங்குன்னு போட்டிருந்தா சட்டுனு புரிஞ்சிருக்கும். ஆனா கட்டுன்னா கட்டிப்போட்டவன் ஒருத்தன் இருக்கான்னு தெரியுதுலா" என்றாள்.

புது எருசலேம் ஆலயம் கோட்டையிலிருந்து பக்கம்தான். 1718இல் கட்டியது, முகப்பில் டென்மார்க் ராஜாவின் முத்திரை. பலிபீடத்துக்கு முன்னால் சீகன்பால்குவின் கல்லறை. கோயில் பிரதிஷ்டையாகி நாலைந்து மாதத்தில், 1719 பிப்ரவரியில், 36 வயதில் போய்விட்டார். புதிய ஏற்பாடு அவர் கண் முன்னாலேயே 1714, 1715இல் இந்த ஊர் அச்சகத்தில் அச்சாகிவிட்டது. காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாறில் ஆலைகூட வைத்துப் பார்த்தார்கள். பழைய ஏற்பாட்டில்தான் பாதி வழி. ஆதியாகமத்தில் தொடங்கி ரூத் வரை வந்திருந்தார்.

"மாமியார் மருமக கதை வரைக்கும் கொண்டுவந்து வச்சுட்டுப் போயிட்டாரா?" என்றாள் அம்மா.

அதைச் சொன்ன கையோடு, இன்று காலை வாசித்த ஆறாம் வசனத்தை அவளே சொன்னாள்: "உங்களில் நற்கிரியையைத் தொடங்கினவர் அதை இயேசுகிறிஸ்துவின் நாள்பரியந்தம் முடிய நடத்திவருவார்." இது எங்கள் வீட்டில் எல்லாக் கல்யாணப் பத்திரிகையிலும் அடித்த வசனம். வீடு கட்டும்போது, பிள்ளையைக் காலேஜில் சேர்க்கும்போது என்று எதற்கும் சொல்லிக்கொள்வோம். தொடங்கியவன் கையாலேயே முடியும் என்ற அர்த்தத்தில்தான் சொல்லிவந்தேன். ரூத்தோடு நின்றுபோன கையெழுத்துப் பிரதியை அடுத்து வந்த மிஷனரி சூல்ட்ஸ் எடுத்து முடித்தார். அதன்பின் சென்னை வேப்பேரியில் பப்ரிசியுஸ் என்ற மிஷனரி உட்கார்ந்து வருஷக்கணக்காகத் திருத்தினார். அவர் திருத்திய பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வந்தது 1796இல். அவர் இறந்ததோ 1791இல். அவரும் பார்க்கவில்லை.

ஒரு வார்த்தைக்கே இவ்வளவு பாடு. சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார். பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். இன்று நாம் வாசிக்கும் 'தேவன்' அதற்கும் பிறகு வந்தது. லுத்தரன் சபைப் பழைய பாட்டுகளில் 'பராபரன்' இன்னும் மிச்சமிருக்கிறார்.

மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடு, நல்ல காரம். சாயங்காலம் தஞ்சாவூருக்கு வண்டியை எடுத்தேன்.

மூன்றாம் நாள், வெள்ளி. தஞ்சாவூர்

பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் சிவகங்கைப் பூங்கா. அதை ஒட்டி 1779இல் சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய ஆலயம். (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். சென்னையில் இதைச் சொல்லி ஒவ்வொரு தடவையும் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது.) உள்ளே சுவரில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிற்பம். சரபோஜி மன்னர் லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்வித்தது.

அம்மாவுக்கு அந்த வெளிச்சத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்ததே தவிர உருவம் பிடிபடவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கட்டிலில் ஒரு கிழவர் படுத்திருக்கிறார், அவர்தான் சுவார்ட்ஸ். தலைப்பாகையோடு பக்கத்தில் நிற்கிறவர் சரபோஜி. குனிந்து கிழவர் கையைப் பிடித்திருக்கிறார். பின்னால் இன்னொரு பாதிரியார். கட்டிலை ஒட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

"ராஜா கிறிஸ்தவனா மாறலையோ?"

"இல்லம்மா. கடைசி வரைக்கும் இந்துதான்."

"பரவால்ல. கையப் பிடிச்சான்லா."

சரபோஜி சிறுவனாக இருந்தபோது அரண்மனைச் சூழ்ச்சியிலிருந்து காத்துப் படிக்கவைத்தவர் சுவார்ட்ஸ். பிள்ளையைச் சுவீகாரம் எடுத்த மன்னர் இறந்ததும், அந்த மன்னரின் சகோதரர் சிம்மாசனத்தில் ஏறிக்கொண்ட கதை அது. சுவார்ட்ஸ் இறந்ததும் 1798, சரபோஜி பட்டத்துக்கு வந்ததும் 1798. சுவார்ட்ஸின் இன்னொரு மாணவர்தான் வேதநாயக சாஸ்திரியார். திருநெல்வேலிப் பையனை இங்கே கூட்டிவந்து வளர்த்தார். அவர் பாட்டு இல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் ஒரு விசேஷம் நடக்காது.

இரண்டாம் அதிகாரத்திலும் ஒரு பாட்டு இருக்கிறது. 6 முதல் 11 வரையுள்ள வசனங்கள் ஆதிச் சபையார் பாடிய பாட்டாக இருக்கும் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து." பூங்காவில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தோம். "முழங்கால் யாவும் முடங்கும்படிக்கும்" என்று வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னாள்.

"டாக்டர் என் முழங்கால முடக்கவே கூடாதுன்னுட்டாரு. மூணு வருஷமாச்சு முழங்கால்படியிட்டு."

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆராதனையில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது அவள் மட்டும் நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். அதை அவள் இத்தனை நாள் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. என்ன சொல்வது என்று தெரியாமல் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன்.

அதிகாரத்தின் கடைசியில் எப்பாப்பிரோதீத்து. ரோமில் பவுலுக்கு ஒத்தாசைக்குப் போன இடத்தில் சாகக்கிடந்தவர். அதைவிட, தனக்கு உடம்பு சரியில்லாத செய்தி ஊருக்குப் போய்விட்டதே என்று ரொம்ப வியாகுலப்பட்டாராம். பெங்களூரில் இருக்கும் தங்கச்சியிடம் தன் மூட்டுவலியைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிற அம்மாவைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"பிறருக்கானவைகளையும் நோக்குவானாக" என்ற நாலாம் வசனத்தை நான் கொஞ்சம் வேகமாக வாசித்தேன். தூண் ஞாபகம் வந்துவிட்டது.

நான்காம் நாள், சனி. தஞ்சாவூர் – பாளையங்கோட்டை

300 கிலோமீட்டருக்கு மேல். மதுரை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, வீல் ஸ்பேனர் இல்லை. அரை மணி நேரம் வெயிலில் நின்றபிறகு, பஞ்சர் கடையிலிருந்து ஒரு தம்பி டூவீலரில் வந்தான். வந்தவன் முதலில் பின் கண்ணாடியைப் பார்த்தான். அங்கே என் வருஷப்பிறப்பு வாக்குத்தத்த வசனம், வெள்ளி எழுத்தில்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு."

"எல்லாத்தையும் செய்யப் பெலன் இருக்குன்னு போட்டிருக்கீங்க, ஒரு ஸ்பேனர் வச்சுக்கக் கூடாதா சார்?"

அம்மா வண்டிக்குள்ளிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

நாலரை மணிக்குப் பாளையங்கோட்டை. லாட்ஜில் சாமானைப் போட்டுவிட்டு கிளாரிந்தா ஆலயத்துக்குப் போனோம். ஊரில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால்தான் தெரியும். கிளாரிந்தா மராட்டியப் பிராமணப் பெண், விதவை. ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவள். அவரிடம்தான் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்தாள். ஞானஸ்நானம் கேட்டபோது, முறையான கல்யாணம் இல்லை என்று சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபிறகு 1778இல்தான் கொடுத்தார். 1785இல் அவள் முயற்சியில் எழும்பியது இந்தச் சின்னக் கோயில். திருநெல்வேலிச் சபையின் முதல் கோயில் ஒரு பெண் கட்டியது. ஆண்கள் மட்டும் மைக் பிடிக்கிற நம் ஸ்தோத்திரப் பண்டிகைகளில் இதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

மூன்றாம் அதிகாரத்தில் பவுல் தன் பெருமைகளை வரிசையாக அடுக்குகிறார். இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன். அடுக்கிவிட்டு, எல்லாம் நஷ்டம், எல்லாம் குப்பை என்கிறார். பவுல் விட்டது அவராக விட்டது. கிளாரிந்தாவிடம் குலமும் உறவும் பிடுங்கிக்கொள்ளப்பட்டன, நல்ல பேரும் போயிற்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "பிடுங்கினது போதும்னு உக்காராம கோயில் கட்டினாள்ல, அது அவளா செஞ்சதுதான்" என்றாள். எனக்கு இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. தூக்கம் வருகிறது, நாளைக்குப் பார்க்கலாம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு. பாளையங்கோட்டை – இடையன்குடி

காலை ஆராதனை ஊசிக்கோபுரம் கோயிலில். 1826இல் ரேனியஸ் ஐயர் கட்டியது. கூட்டம். அம்மாவுக்கு நாற்காலி கிடைத்தது, அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு பாட்டிகள் நாற்காலியில். முழங்கால்படியிடும் நேரம் வந்தபோது ஐந்து பேரும் ஒரே மாதிரி குனிந்தார்கள்.

ரேனியஸை இந்த மாவட்டம் முழுக்கக் கொண்டாடுவார்கள். அவர் காலத்தில் கிராமம் கிராமமாகச் சபைகள் பெருகின. ஆனால் 1835இல் அவரை அனுப்பிய சங்கமே அவரை நீக்கியது. ஆங்கிலச் சபையின் முறைகளை விமர்சித்து எழுதியதுதான் குற்றம். ஊரை விட்டுப் போன அவர் திரும்பி வர, உபதேசிமாரில் ஒரு பகுதி அவர் பக்கம், மறு பகுதி சங்கத்தின் பக்கம். ஒரே ஊரில் இரண்டு கட்சி. 1838இல் அவர் இறக்கும்வரை அந்தப் பிளவு இருந்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். எனக்கு ரேனியஸ் பக்கம்தான் சாய்வு, ஆனால் நானும் கமிட்டியில் இருக்கிறவன், சங்கத்துக்காரர்களின் தலைவலியும் புரிகிறது.

மத்தியானம் திசையன்விளை வழியாக இடையன்குடி. இரண்டு பக்கமும் செம்மண், பனை, மறுபடி செம்மண். கோயில் திடீரென்று எழும்பி நிற்கிறது, இந்த மணலில் இவ்வளவு பெரிய கோயிலா என்று. கால்டுவெல் ஐயர் 1841இல் இங்கே வந்தார். 1847இல் தொடங்கிய கோயில் 1880இல் முடிந்தது, 33 வருஷம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தபோது கோயில் இன்னும் பாதியில் கிடந்திருக்கும். 1871இல் பவர் ஐயர் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பு, நம் கையில் இருக்கும் பழைய திருப்புதல், அதன் குழுவிலும் கால்டுவெல் இருந்தார். பனையேறிகளான எங்கள் முன்னோரைப் பற்றி அவர் 1849இல் தாழ்வாக எழுதியதை எங்கள் ஆட்கள் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்ததும் எங்கள் ஆட்கள் ஊரில்தான்.

அம்மா உள்ளே போய்த் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றாள். எட்டு வயதில் அசனப் பண்டிகைக்கு (சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் விருந்து) மாட்டுவண்டியில் வந்தாளாம். "அப்ப இதவிடப் பெருசா இருந்துச்சு."

நாலாம் அதிகாரத்தை வேப்பமரத்தடியில் வாசித்தேன். இரண்டாம் வசனம்: "கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருக்க, எயோதியாளுக்கும் புத்தி சொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்தி சொல்லுகிறேன்."

"பாவம்லே இவளுக ரெண்டு பேரும்" என்றாள் அம்மா. "சபைக்காக எவ்வளவு பாடுபட்டாளுகன்னு அடுத்த வசனத்துலேயே சொல்லுதாரு. ஆனா சண்டைதான் நிலைச்சுப்போச்சு. ரெண்டாயிரம் வருஷமா உலகம் பூரா இவளுக பேரைச் சொல்லி வாசிக்கான். என்ன சண்டைன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. கூரையா இருக்குமோ, என்னமோ."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கமிட்டித் தகராறு பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"வாசி" என்றாள்.

வாசித்தேன். "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." மனரம்மியம் என்ற வார்த்தையை வேதாகமத்துக்கு வெளியே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திருப்தி என்று போட்டிருக்கலாம், ஆனால் திருப்தி சாப்பிட்டு எழுந்தாலே வந்துவிடும். அதுவும் 'கற்றுக்கொண்டேன்' என்கிறார். படித்து வந்த பாடம், கூடப் பிறந்த குணம் இல்லை. அடுத்த வசனத்தில் பசியாயிருந்ததையும் குறைவுபட்டதையும் சொல்கிறார். அதற்கும் அடுத்து வருகிறது என் கண்ணாடி வசனம். சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாங்கிக்கொள்ளப் பெலன் உண்டு என்கிறார், அவ்வளவுதான். நான் அதை ஜனவரியிலிருந்து, நினைத்ததை முடிக்கிற பெலன் என்று கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள், திங்கள். திசையன்விளை

இன்று வாசிக்க அதிகாரம் இல்லை. கருப்பட்டி வாங்கக் கடைக்குப் போனோம். அம்மா ஒரு சில்லை உடைத்து முகர்ந்து, நாக்கில் வைத்து, "சீனி கலக்கல" என்று சொன்ன பிறகுதான் எடை போடவிட்டாள். ஓலைக் கொட்டானில் அடுக்கிக்கொண்டே யார் யாருக்கு என்று கணக்குச் சொன்னாள். பெங்களூருக்கு இரண்டு கிலோ, மாடி வீட்டுக்கு அரை, எங்கள் சென்னை ஐயருக்கு ஒன்று. அப்புறம் தூணுக்கு அந்தப் பக்கத்து அண்ணன் பேரைச் சொல்லி, "அவுக வீட்டுக்கு ரெண்டு" என்றாள்.

"ஐயருக்கே ஒண்ணுதானே?"

"ஐயருக்குச் சுகர்."

கடைக்காரர் தராசில் வைத்துவிட்டார். நான் பர்ஸை எடுத்தேன்.

"அவங்க வீட்டுக்கு யாரும்மா கொண்டு கொடுக்கிறது?"

"எனக்குத்தான் மூட்டு வலில்லா" என்றாள் அம்மா.